சிவப்புத் துணி கட்டிய டப்பா

உத்தனப்பள்ளி,
22-1-1958

சிங்காரப்பேட்டையில் இருக்கும் என் தாய்மாமன் கோவிந்தப்பன் அவர்களுக்கு, மருமகள் ஜோதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா நலம். கறவைகள் இரண்டும் நலம். சுண்டெலிகளும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் பிள்ளைகளும், உங்கள் முழங்கால் ஒன்று நீங்கலாக, சகலமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலம் சொல்லும் வரிசையில் எலிகளைச் சேர்த்தது கைதவறி நேர்ந்ததல்ல.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அப்பா அதைக் கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தார். 'குடும்ப மானம்' வந்த இடங்களில் எல்லாம் நிறுத்தி என்னைப் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்த குந்தாரப்பள்ளி தீர்த்தகிரி அவர்களுக்கு நான் என் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், எலிகளை ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், இனி பெங்களூர் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் அப்பா, "மாமன் சொல்றதுதான். எழுதிக் குடு. எழுதலைன்னா திங்கக்கிழமை பஸ்ஸை மறந்துடு," என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். நானும் மன்னிப்புக் கடிதம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்ததும் வந்தது இதுதான்.

முதலில், என் வேலையை 'எலி மேய்ப்பது' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மேய்க்கவில்லை மாமா. அங்கே காலேஜில் எங்கள் பேராசிரியர் ஒரு பெரிய வட்டத் தொட்டி வைத்திருக்கிறார். உள்ளே முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு, மேலே பளீரென்ற விளக்கு. ஒளிய ஒரு மூலை கிடையாது. அதன் நடுவில் ஒரு சுண்டெலியை விட்டுவிட்டு நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். சில எலிகள் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டு நடுவிலேயே உலாவும். சில எலிகள் ஓடிப்போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அசையாமல், இடைவிடாமல் புழுக்கை போடும். பயத்தை அளக்கப் புழுக்கைதான் எங்கள் படி. அதை எண்ணுவது என் வேலை. நீங்கள் ஊர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம், எனக்கு வெட்கமில்லை. பேராசிரியர் செய்ததெல்லாம் இவ்வளவுதான். பயந்ததைப் பயந்ததோடும், துணிந்ததைத் துணிந்ததோடும் ஜோடி சேர்த்தார். அவற்றின் குட்டிகளிலும் அப்படியே பொறுக்கி மறுபடி ஜோடி சேர்த்தார். சில தலைமுறை போனதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வெள்ளை எலி வம்சங்கள் எங்களிடம் இருந்தன. ஒன்று துணிந்த வம்சம், ஒன்று பயந்த வம்சம். பயம் ரத்தத்தில் இறங்குமா, எவ்வளவு இறங்கும் என்பதுதான் கேள்வி. உலகத்தில் கெட்டிக்காரர்கள் பலர் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாருடைய மாமாவும் ஏரிக்கரைக்கு அனுப்பவில்லை.

விடுமுறையில் எலிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், வம்சத்துக்கு ஒரு தாயும் அதன் குட்டிகளுமாக இரண்டு பிஸ்கட் டப்பாக்களை நான் இங்கே எடுத்து வந்தேன். துணிந்த வம்சத்து டப்பாவில் வெள்ளைத் துணி கட்டியிருந்தேன் என்று நீங்கள் நினைத்தால் தவறு. சிவப்புதான் துணிந்தது, வெள்ளைதான் பயந்தது. இந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்களுக்கே தேவைப்படும். எல்லையில் பஸ்ஸை நிறுத்தி மதுவிலக்குப் போலீஸ்காரர் ஏறினார். பெங்களூரிலிருந்து யாராவது சரக்கு கடத்துகிறார்களா என்று பார்ப்பது வழக்கம். என் மடியைப் பார்த்து, "இன்னாம்மா டப்பாவுல?" என்றார்.

"எலிங்க."

"நெய்யின்னு சொன்னவங்களப் பாத்துருக்கேன். சீயக்காய்த் தூள்னு சொன்னவங்களப் பாத்துருக்கேன். எலின்னு சொன்னது நீ ஒருத்திதான். தெற."

வெள்ளைத் துணியை அவிழ்த்துக் காட்டினேன். தாய் எலி குட்டிகளை மூலையில் தள்ளி, அவற்றின் மேல் படுத்துக்கொண்டு நடுங்கியது.

"இது இன்னாத்துக்கு இப்படிப் பயந்துகினு கீது?" என்றார்.

"அதைத்தான் கண்டுபிடிச்சிக்கிட்டு இருக்கோம்."

"போலீஸைப் பாத்தா எல்லாந்தான் பயப்படும். இதுல கண்டுபிடிக்க இன்னா கீது," என்று இறங்கிப் போனார். ஆனாலும் அவர் என்னை மன்னிப்பு எழுதச் சொல்லவில்லை. அரசாங்கமே விட்டுவிட்ட எலிகளைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "படிக்க அனுப்புனா எலி புடிச்சிகினு வந்து நிக்கறா," என்று தலையில் அடித்துக்கொண்டாள். பூனை எட்டாத இடம், குளிருக்கும் அடுப்புச் சூடு கிடைக்கும் என்று டப்பாக்களை அடுப்புக்கு மேலே இருக்கும் அட்டத்தில் வைக்க மட்டும் இடம் கொடுத்தாள். அதோடு ஒழிந்தது என்று இருந்தோம். அப்போதுதான் நீங்கள் பொங்கல் கழிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வருவதாக ஆள் விட்டீர்கள். என்னைக் கேட்டீர்களா என்று நான் இப்போது கேட்கவில்லை. கேட்டால் அது வேறு கடிதம்.

அன்று சாயங்காலம் நடந்ததற்குக் காரணம் நான் என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே பாருங்கள். கூடத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைத்தீர்கள். ஜமக்காளம் விரித்தீர்கள். ஒரு பக்கம் தீர்த்தகிரி, அவர் மனைவி வெங்கடம்மாள், அவர்கள் மகன் மாப்பிள்ளை எல்லப்பன், இன்னொரு பக்கம் நீங்கள், அப்பா, அத்தை. நான் வந்து சுவரோரமாக உட்காரப் போனேன். "நடுவுல வந்து உக்காரு பாப்பா, வெளிச்சத்துல," என்றது நீங்கள்தான். பளீரென்ற விளக்கு, ஒளிய மூலையில்லாத இடம், சுற்றிலும் உற்றுப் பார்க்கும் முகங்கள். எனக்கு உடனே எங்கள் தொட்டி ஞாபகம் வந்தது. இவ்வளவு நாள் வெளியே நின்று பார்த்த நான் அன்றைக்கு உள்ளே இருந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்புறம் நீங்கள் பேசினீர்கள். மாமா, நீங்கள் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "படிச்ச பொண்ணுன்னு யோசிக்காதீங்க. எங்க பாப்பா ரொம்பப் பயந்த சுபாவம். எங்க வூட்டுப் பொம்பளைங்களே அப்படித்தான். எங்கம்மா பயந்தவ, எந்தங்கச்சி பயந்தவ. வம்சமே பயந்த வம்சம்."

தீர்த்தகிரி மீசையைத் தடவிக்கொண்டார். "அதான் வேணும். பயம் இருந்தாத்தான் குடும்பம் நிக்கும். எங்க வூட்டு ஆம்பளைங்க வேற மாதிரி. நான் அஞ்செட்டிக் காட்டுல சிறுத்தையை வெறுங்கம்பால வெரட்டுனவன்," என்று ஆரம்பித்தார். கதையில் முதலில் சிறுத்தை கன்றுக்குட்டி அளவு இருந்தது. முடியும்போது காளையளவு வளர்ந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா கண்ணு, பயமா கீதா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். பேராசிரியர் செய்வதை நாம் எத்தனையோ தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறோம் மாமா. பயந்த பெண்ணாகத் தேடித் தேடித்தானே நம் ஜில்லா முழுக்கக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர் கணக்குப்படி பார்த்தால் இந்நேரம் நம் பெண்கள் அத்தனை பேரும் குதிருக்குள் உட்கார்ந்துகொண்டு, எட்டிப் பார்க்கவே நடுங்க வேண்டும். ஆனால் அத்தை சிங்காரப்பேட்டைச் சந்தையில் புளி வியாபாரிகளிடம் பேரம் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அத்தை வீட்டுக்குள் வரும்போது நீங்கள் சுருட்டை எங்கே மறைப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் சோதனை எங்கே தவறியது? யோசித்துப் பார்த்தேன். எலிக்கு நடிக்கத் தெரியாது, பெண்ணுக்குத் தெரியும். அதுவும் போக, குட்டிக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வருகிறது. மாப்பிள்ளையை யாரும் ஜமக்காளத்தின் நடுவில் உட்கார வைத்துச் சோதித்ததே இல்லை. அன்றைக்குத்தான், உங்கள் தயவால், முதன்முறையாக அதுவும் நடந்தது.

ஏனென்றால் நீங்கள்தான் எழுந்து, "பெங்களூர்லருந்து பாப்பா மைசூர்பாகு கொண்டாந்துருக்குது," என்று அடுப்படிக்குப் போனீர்கள். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டே, "அட்டத்துல டப்பா கீது, எடுத்துக்கோண்ணா," என்றாள். அட்டத்தில் மூன்று டப்பாக்கள் இருந்தன. மைசூர்பாகு டப்பா பின்னால் துணியில்லாமல் இருந்தது. முன்னால் ஒன்றில் வெள்ளைத் துணி, ஒன்றில் சிவப்புத் துணி. நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் முன்னால் வெள்ளைத் துணி கட்டியதை எடுத்துவைக்க உங்களுக்கு மனம் வருமா? மங்களகரமாகச் சிவப்பை எடுத்தீர்கள். வெள்ளையை எடுத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது மாமா. பயந்த வம்சம் டப்பாவைத் திறந்தாலும் வெளியே வராது. மூலையில் குவிந்து கிடந்திருக்கும். 'இது இன்னா' என்று கேட்டு மூடியிருப்பீர்கள். உங்கள் சகுன நம்பிக்கையால் துணிந்த வம்சத்தைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு, சம்பந்தி முன்னால் நீட்டினீர்கள்.

அவிழ்த்தது தீர்த்தகிரி. முதலில் தாய் எலி டப்பாவின் விளிம்பில் ஏறி நின்றது. நின்று முன்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகு இறங்கி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஜமக்காளத்தின் நட்டநடுவுக்கு நடந்து போனது. பின்னாலேயே குட்டிகள். அவை தீர்த்தகிரியின் மடியைத் தாண்டிப் போகாமல், மடியிலேயே நின்று சுற்றிப் பார்த்தன. ஒன்று வேட்டி மடிப்புக்குள் போனது. சிறுத்தையை விரட்டியவர் எழுந்த வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எழுந்து மூலையில் அடுக்கியிருந்த கேழ்வரகு மூட்டைகளின் உச்சிக்கு எப்படிப் போனார் என்பது அவருக்கே தெரியாது. அங்கிருந்து, "வெங்கடு, வெங்கடு, புடி, ஐயோ கடிக்குது, நீ புடி," என்று மனைவியைக் கூப்பிட்டார். எல்லப்பன் சுவரோடு சுவராக ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அது அவர் ரத்தம். வெங்கடம்மாள் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து காப்பி டம்ளரை எடுத்து ஒரு குட்டிமேல் கவிழ்த்துவிட்டு, மூட்டையின் உச்சியைப் பார்த்து, "சிறுத்தைக்கு இதைவிட வாலு நீளமோ?" என்று கேட்டார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். நீங்கள் சம்பந்தியை இறக்க முழங்கால் வலியோடு மூட்டைமேல் ஏறினீர்கள். இரண்டு பேரையும் இறக்க அப்பா ஏணி கொண்டு வந்தார்.

நான் எலிகளைப் பிடித்துப் போட்டு மூடினேன். ஜமக்காளத்தில் பார்த்தால் எங்கு பார்த்தாலும் புழுக்கை. துணிந்த வம்சம் இவ்வளவு போடாது. புது இடம் பார்த்த உற்சாகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். பயப்படாமல் வேலை செய்த என்னைப் பார்த்து, மூட்டையிலிருந்து இறங்கிய தீர்த்தகிரி சொன்னார்: "இது பயந்த பொண்ணு இல்ல. ஏமாத்திட்டீங்க." அவர் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

இப்போது அவர் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறாராம், காஜா மொய்தீன் சாயபு வந்து மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறாராம், அதற்கும் நான்தான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சாயபு நல்லவர். கயிறு நன்றாக வேலை செய்யட்டும். ஆனால் சுண்டெலி கொடுத்த பயத்துக்கு என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்வது என்ன நியாயம்? பயத்தை எலி கொண்டுவரவில்லை மாமா. அது முன்பே அவருக்குள் இருந்தது. டப்பா திறந்ததும் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். மீசையை வைத்துப் பயம் அளக்கும் ஊரில் யாராவது ஒருத்தராவது புழுக்கையை வைத்து அளக்க வேண்டாமா?

ஆகவே என் பதில் இது. மன்னிப்புக் கடிதம் எழுதமாட்டேன். எலிகளை ஏரிக்கரையில் விடமாட்டேன். அவற்றில் ஒரு தலைமுறையை இழந்தால் அத்தனை தலைமுறையும் வீண். திங்கட்கிழமை ஓசூர் பஸ்ஸில் ஏறி, இரண்டு டப்பாக்களோடு பெங்களூர் போகிறேன். அப்பா கதவைச் சாத்தினால் மாட்டுக் கொட்டகை வழியாகப் போவேன். நீங்கள் வந்து வழியில் நின்றாலும் உங்களைச் சுற்றிக்கொண்டு போவேன். எனக்குப் பயமில்லை மாமா. உங்களிடம் இல்லை, அப்பாவிடம் இல்லை, குந்தாரப்பள்ளியே மாடு கன்றோடு திரண்டு வந்தாலும் இல்லை. பயந்த வம்சம் என்று நீங்கள் சொன்னது தப்பு. நான் சிவப்புத் துணி டப்பா. யார் திறந்தாலும் நடுவுக்குத்தான் நடப்பேன்.

அத்தையின் கைக்கு மோர்மிளகாய் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு ஆமணக்கெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள், மூட்டை ஏறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இத்தனை எழுதியதற்கும் நீங்கள் எனக்குத் தாய்மாமன் என்பதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ஜோதி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பயணத்துக்காக எலிகளைப் பார்க்கப் போனேன். உங்கள் கடிதம் வரும்வரை நான் அவற்றைத் தொடக்கூடாது என்று பெண் பார்த்த அன்றைக்கே அப்பா உத்தரவு போட்டதால், அதிலிருந்து அம்மாதான் தீனி வைக்கிறாள். சிவப்புத் துணியை அவிழ்த்துத் தாய் எலியைக் கையில் எடுத்தேன். எங்கள் வழக்கத்தில் துணிந்த வம்சத்துக்கு இடது காதிலும் பயந்த வம்சத்துக்கு வலது காதிலும் சின்னதாக வெட்டி அடையாளம் வைப்போம். வெட்டு வலது காதில் இருந்தது. மறுபடி பார்த்தேன். வலது காதுதான்.

அம்மா பிதுக்குப் பருப்புக்கு அவரை உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்த டப்பாவுல இருக்கறதுங்க வந்ததுலருந்து நடுங்கிகினே கெடந்துச்சுங்க. செகப்புதான் கெட்டித் துணி. வந்த ரெண்டாம் நாளே அதை அதுங்களுக்குக் கட்டிட்டு, வெள்ளையை அந்தத் தெகிரியசாலிங்களுக்குக் கட்டுனேன். நீ கழனிப் பக்கம் போறப்ப தெனம் அவரை உரிக்கறப்ப குட்டிங்கள மடியில போட்டுக்குவேன். முதல்ல மடிக்குள்ளயே பூந்துக்கும். பொங்கலுக்குள்ள பழகிப்போச்சு. இன்னா இப்ப? பாவம், குட்டிங்கதான."

ஆகவே மேலே எழுதியதில் நிறையத் தப்பு மாமா. நீங்கள் நீட்டியது துணிந்த வம்சம் இல்லை. அந்தப் புழுக்கை உற்சாகமும் இல்லை, அத்தனையும் பயம்தான். போலீஸ்காரர் முன்னால் மூலையில் நடுங்கிய அதே தாய், அன்றைக்குப் பயந்துகொண்டே விளிம்பில் ஏறியிருக்கிறது, பயந்துகொண்டே நடுவுக்கு நடந்திருக்கிறது. இதைப் பேராசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா மடியை அவர் எந்த அளவுகோலால் அளப்பார்?

'எனக்குப் பயமில்லை' என்று எழுதியிருக்கும் வரியையும் அடித்துவிட்டுப் படியுங்கள். நீங்கள் தீர்த்தகிரியிடம் சொன்னதுதான் சரி. நான் பயந்த வம்சம். இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் அப்பா வருகிறாரா என்று இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். அதனால்தான் தபால் பெட்டியில் போடாமல், திருப்பிக் கேட்க முடியாதபடி, கண்டக்டர் முனீர் அகமது கையில் இப்போதே கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். டப்பாக்களை எடுத்துக்கொண்டு ரோடு வரை கூட வருவதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.